காத்திருக்கும் உரிமை: முகவைச் சீமையின் சந்தைகள்

தமிழ்நாட்டின் பெருஞ்சந்தைகள் என்று பேச்செடுத்தால் சில பெயர்கள் உடனே வரும். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரை, மாட்டுச் சந்தை ஒன்று. காங்கயம் காளைகளுக்குப் பேர்போன கண்ணபுரம் மாரியம்மன் கோயில் சந்தை இன்னொன்று. மதுரையில் சித்திரைத் திருவிழாவை ஒட்டிக் கூடிய மாட்டுச் சந்தை, இன்று மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தின் பெயரில் நிற்கிறது. இந்த வரிசையில் முகவை எனப்படும் ராமநாதபுரத்தை யாரும் சேர்ப்பதில்லை. கோபுரமும் தேரும் பின்னணியாக நிற்க, லட்சம் பேர் கூடும் ஒற்றை உழவுச் சந்தை முகவையில் இல்லை என்பது உண்மைதான்.

இருந்தாலும், சந்தை என்பது என்ன, அது யாருக்கு உதவுகிறது என்று ஆராய வருபவருக்கு இந்தக் கரையைப்போலப் பாடம் சொல்லும் நிலம் குறைவு. இங்கே விளைவது எல்லாமே நிச்சயமற்றது. கடலில் சிப்பி விளையும் ஆண்டும் உண்டு, விளையாத ஆண்டும் உண்டு. கண்மாய் நிறைந்தால் நெல், பாதி நிறைந்தால் மிளகாய், நிறையாவிட்டால் ஆட்டுக்கு மேய்ச்சல். விளைச்சல் எத்தனைக்கு எத்தனை நிச்சயமற்றதோ, விற்பவர் அத்தனைக்கு அத்தனை அவசரப்படுகிறார். அந்த அவசரத்தை யார் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பதில்தான் ஒரு சந்தையின் நியாயம் தெரியும். முத்து, ஆடு, மிளகாய் என்ற மூன்று சந்தைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

மழையை நம்பிய சீமை

ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 827 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை. வைகை மதுரையையும் மானாமதுரையையும் பரமக்குடியையும் தாண்டி வந்து ராமநாதபுரம் பெரிய கண்மாயில் சேர்கிறது. மிஞ்சினால்தான் கடலுக்குப் போகும், பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்பார்கள். நாரைகூட ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அளவுக்கு விரிந்தது என்பது அந்தப் பெருமையின் பொருள். இப்படிக் கண்மாய் கண்மாயாகத் தேக்கிய நீரில்தான் இந்தச் சீமை பிழைத்தது.

1795இல் ராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி பதவியிலிருந்து இறக்கியது. 1803இல் ராமநாதபுரம் நிரந்தர வரித்திட்டத்துக்கு உட்பட்ட ஜமீன் ஆனது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பேஷ்குஷ் என்னும் கப்பத்தைக் கட்ட வேண்டிய ஜமீன், அந்தச் சுமையைக் குடிகள்மீது இறக்கியது. 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து ராமநாதபுரம் மாவட்டத்தை அமைத்தார்கள். ஆட்சியர் அலுவலகம் மட்டும் நெடுங்காலம் மதுரையிலேயே இருந்தது. 1985இல் சிவகங்கையும் விருதுநகரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தபோது, ராமநாதபுரத்திடம் எஞ்சியது கடற்கரையும் கண்மாய்களின் கடைமடையும்.

கடைமடை உழவருக்கு அறுவடை என்பது கடன் அடைக்கும் நாள். வீட்டில் வைத்து விலை ஏறும்வரை பார்த்திருக்க அவருக்கு வழியில்லை. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு சந்தைகளுக்குள் நுழைவோம்.

மணலில் எழுந்த நகரம்

இந்தக் கடல் கண்ட மிகப் பெரிய சந்தை முத்துக்குளிப்புச் சந்தை. முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பார்கள் மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிப் பக்கமும் உண்டு, இலங்கைப் பக்கமும் உண்டு. இருபுறமும் குளித்தவர்களில் தூத்துக்குடிக் கரைப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் முதன்மையானவர்கள். எந்தப் பக்கம் சிப்பி விளைந்ததோ அந்தப் பக்கம் படகுகள் திரளும். 1891க்குப் பிறகு இலங்கைப் பக்கம் 1903 வரை குளிப்பே நடக்கவில்லை. அதற்கு இரண்டே ஆண்டு கழித்து, 1905இல், மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் வரலாறு காணாத அளவுக்குச் சிப்பி கிடைத்தது. 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள், 300க்கு மேற்பட்ட படகுகள், ஏறத்தாழ 5,000 குளியாட்கள். அரசுக்கு வந்த வருமானம் ஏறக்குறைய 25 லட்சம் ரூபாய்.

ஆண்டில் பத்து மாதம் ஆளரவம் இல்லாத மணல்திட்டில் சில வாரங்களுக்குள் ஓலைக் கொட்டகைகளால் ஒரு நகரமே எழுந்தது. நீதிமன்றம், காவல்நிலையம், மருத்துவமனை, தபால் நிலையம், கடைத்தெரு என்று எல்லாம் இருந்தன. பம்பாய் வணிகர், செட்டியார்கள், அரேபியக் குளியாட்கள், வித்தைக்காரர், பிச்சைக்காரர் என்று பல்லாயிரம் பேர் கூடினார்கள். சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடற்கட்டிக்கு அரசே ஊதியம் கொடுத்தது. அவர் கரையில் இல்லாவிட்டால் குளியாட்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வூல்ஃப், 1906ஆம் ஆண்டுக் குளிப்பில் இளம் அதிகாரியாகப் பணியாற்றினார்.

வேலை நடந்த விதம் இது. நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் படகுகள் பார் நோக்கிப் புறப்படும். விடிந்ததும் குளியாள் கல் கட்டிய கயிற்றில் கால் பதித்து, மூக்கைப் பிடித்து, ஏறத்தாழ பத்து முதல் பதினெட்டு மீட்டர் ஆழத்துக்கு இறங்குவார். ஒரு நிமிடம் போல மூச்சடக்கிக் கைக்கு எட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிப் போட்டுக் கயிற்றை இழுப்பார். மேலே கயிறு பிடித்திருப்பவர் அவரைத் தூக்குவார். நண்பகலில் நிறுத்தச் சொல்லிக் குறிப்பு கிடைத்ததும் கடற்காற்றில் கரை திரும்புவார்கள்.

கரை சேர்ந்த சிப்பி நேராகக் கொட்டு என்னும் வேலியடைத்த வளாகத்துக்குள் போகும். குளியாட்களே அதை மூன்று குவியலாகப் பங்கிடுவார்கள். எந்தக் குவியல் தங்களுக்கு என்று அவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது என்பதால் பங்கு சமமாகவே விழும். இரண்டு குவியல் அரசுக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. அரசின் பங்கு அன்றிரவே ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று பகிரங்க ஏலத்தில் போகும். குளியாட்கள் தங்கள் பங்கைத் துணியில் கட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியதும், டசன் டசனாக வாங்கிப்போகக் கூட்டம் முட்டிமோதும். முத்து இருக்குமா, இருந்தாலும் ஆணி முத்தா, வெறும் தூளா என்பது திறந்து பார்த்தவருக்கே தெரியும். அந்தத் துணிச்சல் வாங்குபவருடையது. குளித்தவருக்கு அன்றைய உழைப்பு அன்றே பணமாகிவிடும்.

இந்த ஏற்பாட்டில் நான் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு. முதலாவது, குளியாளுக்குக் கூலி பொருளாகவே கிடைத்தது. அதிலிருந்து படகுக்கும் கயிறு பிடித்தவர்களுக்கும் பங்கு போனது உண்மைதான். ஆனாலும் விளைச்சலில் ஒரு பகுதி அவர் கையில், அவர் விருப்பப்படி விற்கத்தக்கதாக இருந்தது. இரண்டாவது, இரவு ஏலத்தின் விலை ஊரறிய நடந்ததால் மறுநாள் வாசலில் அவரை ஏமாற்றுவது கடினம். உயிரைப் பணயம் வைக்கும் தொழிலில், படிப்பறிவில்லாத ஏழைக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு அது.

திறந்தெடுத்த முத்துகள் கைமாறிய இடத்தில் நிலைமை வேறு. அங்கே இரண்டு வணிகர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, கைகளைத் துணிக்குள் மறைத்து, விரலைத் தொட்டும் அழுத்தியும் விலை பேசினார்கள். பக்கத்தில் இருப்பவருக்குக்கூட விலை தெரியாது. ஒரே முகாமில் ஒரு சந்தை வெளிச்சத்திலும் இன்னொன்று துணிக்கடியிலும் நடந்தது.

பிறகு நடந்தது பேராசையின் கதை. கொழிக்கும் என்று நம்பி 1906இல் ஒரு கம்பெனி ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுக் குத்தகைக்கு இலங்கைப் பார்களை எடுத்தது. 1907க்குப் பின் சிப்பி பொய்த்துப் போய்க் கம்பெனி கலைந்தது. தூத்துக்குடிப் பக்கத்தில் 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளோடு முத்துச் சந்தை முடிந்தது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே.அழகர்சாமி தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். அந்த நிறுவனம் 1947இல் தொடங்கப்பட்டு, நெடுங்காலம் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. இந்தக் கரையின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. முத்துக்குளிப்பு இனி வராது. அதன் கொட்டு வாசலில் இருந்த நியாயத்தை நிலத்துச் சந்தைகளில் தேடலாம்.

கிடையும் துணிக்கடி விரலும்

முகவையின் நடமாடும் செல்வம் ஆடு. கீழக்கரிசல், ராமநாதபுரம் வெள்ளை ஆகிய இரண்டும் இந்தப் பகுதிக்குரிய செம்மறி இனங்களாக அங்கீகரிக்கப்பட்டவை. வெயிலையும் நீண்ட நடையையும் தாங்கும் உடம்பு அவற்றுக்கு. சம்பா அறுவடை முடிந்ததும் கீதாரிகள் என்னும் ஆட்டிடையர்கள் மந்தைகளை ஓட்டிக்கொண்டு சிவகங்கை, புதுக்கோட்டை வழியாகத் தஞ்சை வயல்களுக்குப் போகிறார்கள். பகலில் தாள் மேய்ந்த ஆடுகளை இரவில் வயலில் கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். வயல்காரர் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கிடைக்கூலி கொடுப்பார். குட்டிகள்மீது மூங்கில் கூட்டைக் கவிழ்த்து மூடிவிட்டு, பெண்களும் குழந்தைகளுமாகக் குடும்பமே மந்தையோடு நடக்கும். அடுத்த மழை தொடங்கும்போது ஊர் திரும்புவார்கள்.

ஆட்டைச் சந்தைக்குப் பிடிக்கும் நாளை அவர்களுடைய தேவைகளும் ஊரின் பண்டிகைகளும் தீர்மானிக்கின்றன. பக்ரீத், தீபாவளி, ஆடி மாதக் குலதெய்வப் படையல் ஆகியவற்றுக்கு முந்தைய வாரச்சந்தைகளில் விடியலுக்கு முன்பே வியாபாரம் சூடு பிடிக்கும். வாங்க வருபவர் ஆட்டின் இடுப்பில் கைவைத்து அழுத்திக் கறி எவ்வளவு தேறும் என்று கணிப்பார், வாயைப் பிளந்து பல் பார்ப்பார். பிறகு தரகர் தோள்துண்டை இழுத்து இருவர் கைமீதும் போடுவார். துண்டுக்கடியில் விரல்கள் விலை பேசும். முத்து வணிகர் கையாண்ட அதே முறை. கூட்டத்துக்கு முன் யாருக்கும் முகத்தாட்சண்யம் வராமல் காக்கும் நயம் இதில் உண்டு. ஆனால் பக்கத்து ஆடு என்ன விலைக்குப் போனது என்பதைத் தரகர் அறிவார், விற்பவர் அறியார். சந்தையில் அறிவு ஒருவரிடம் மட்டும் தங்கிவிட்டால் விலையும் அவர் பக்கமே சாயும்.

ஆட்டுக்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது. விலை படியாவிட்டால் ஆட்டை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பலாம். அடுத்த வாரம் வரை அது மேய்ந்து கொஞ்சம் எடை கூடவும் செய்யும். மழை பொய்த்த ஆண்டுகளில் முகவைக் குடும்பங்களை ஆடுகள் காப்பாற்றியதற்குப் பெரும் காரணம் இதுதான். காத்திருந்தால் கெடாத சரக்கு ஏழையின் கையில் இருந்தது.

வத்தல் சந்தை

மூன்றாவதான மிளகாய்ச் சந்தைதான் இன்று மாவட்டத்தின் பெரிய சந்தை. போர்ச்சுகீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் இந்தியா வந்த செடி இது. முகவையின் களிமண்ணிலும் கரிசலிலும் மானாவாரியாகவே தன்னை நிலைநிறுத்திக்கொண்டது. இங்குள்ள தனிச்சிறப்பு, உருண்டையான முண்டு மிளகாய். தடித்த தோல், ஆழ்ந்த சிவப்பு, குழம்புக்கு நிறமும் மணமும் தரும் காரம். 2023 பிப்ரவரியில் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்த்து, தை, மாசியிலிருந்து பழம் எடுக்கத் தொடங்குவார்கள். ஒரே நாளில் அறுத்து முடிக்கும் பயிர் இல்லை இது. பழுக்கப் பழுக்கப் பல தவணையாகப் பறிக்க வேண்டும். பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். குனிந்த முதுகு, காந்தும் விரல்கள், தலைக்குமேல் மாசி வெயில். பறித்த பழத்தைக் குவித்து வைத்து நிறம் ஏறியபின் களத்தில் பரப்புவார்கள். அந்த நாட்களில் பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி வட்டாரங்களின் களங்களும் சாலையோரங்களும் சிவந்து கிடக்கும். அந்தியில் கூட்டிக் குவித்து மூடாவிட்டால் பனி இறங்கி நிறம் வெளுக்கும். கோடை மழை ஒன்று தவறி விழுந்தால் பூசணம் பிடிக்கும். ஒரு குடும்பம் ஆண்டு முழுக்க உழைத்த பலன் ஒரே ராத்திரியில் தரம் இறங்கிவிடும்.

சந்தையில் சாக்கை அவிழ்த்ததும் வியாபாரி மேலே இருக்கும் வத்தலைப் பார்ப்பதில்லை. முழங்கை வரை கையை உள்ளே விட்டு நடுவிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். காதருகே குலுக்குவார். நன்றாகக் காய்ந்த முண்டு வத்தலில் விதை சலசலக்கும். ஈரம் இருந்தால் சத்தம் வராது. காம்பு ஒட்டியிருக்கிறதா, தோல் மினுங்குகிறதா, உடைத்தால் உள்பக்கம் வெளுத்திருக்கிறதா என்று பார்த்து அரை நிமிடத்தில் விலை சொல்வார். களத்தில் பல நாள் காத்த பொருளின் விதி அந்த அரை நிமிடத்தில் முடிவாகும்.

பல தவணையாகப் பறிப்பதால் இந்தச் சந்தை ஆண்டுக்கொரு திருவிழாவாகக் கூட முடியாது. வாரந்தோறும் கூடியாக வேண்டும். பரமக்குடி, ஆர்.எஸ்.மங்கலம் போன்ற ஊர்களின் வாரச்சந்தைகளும் விருதுநகர் வரை நீளும் கமிஷன் மண்டிகளும் இப்படித்தான் இந்தப் பயிரைச் சுற்றி அமைந்தன. அந்தியூரில் ஒரே திருவிழாவில் திரளும் கூட்டம், முகவையில் வாரம் வாரமாகப் பல ஊர்களில் பிரிந்து கூடுகிறது. இந்த மாவட்டத்துக்குப் பெருஞ்சந்தை என்ற பெயர் கிடைக்காததற்குக் காரணமும் அதுதான்.

முன்பணம் என்னும் கயிறு

ஆட்டைப்போல வத்தலையும் வீட்டுக்குத் திருப்பி எடுத்துச் செல்லலாமே என்று தோன்றும். காய்ந்த வத்தல் உடனே கெடுவதில்லை என்பது சரிதான். ஆனால் அந்த வத்தலுக்குரிய பணம் புரட்டாசியிலேயே செலவாகிவிட்டிருக்கும். விதைக்கும் உரத்துக்கும் களையெடுப்புக் கூலிக்கும் மண்டியில் முன்பணம் வாங்கியவர், பழம் எடுத்ததும் அதே மண்டிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே சொல்வதுதான் விலை. எடையில் சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவு, மேற்கொண்டு கமிஷன், ஏற்றிறக்குக் கூலி. எல்லாம் போக மிச்சம் இருந்தால் கைக்கு வரும். சாயல்குடி வட்டாரத்துப் பனையேறிகளின் கருப்பட்டியிலும் இதே முன்பணக் கயிறு நெடுங்காலமாக ஓடுகிறது.

இந்தச் சிக்கலை அரசு அறியாமல் இல்லை. 1928இல் அறிக்கை தந்த வேளாண்மைக்கான ராயல் கமிஷன் ஒழுங்குமுறைச் சந்தைகளைப் பரிந்துரைத்தது. சென்னை மாகாணம் 1933இல் வணிகப்பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றி, 1936இல் திருப்பூரில் பருத்திக்கு முதல் சந்தையைத் தொடங்கியது. பருத்தி, நிலக்கடலை, புகையிலை என்று பெருவணிகப் பயிர்களே அப்போது முதலில் கணக்கில் வந்தன. கடைமடையின் வத்தல் பின்வரிசையில் நின்றது. இன்று நடப்பிலுள்ளது 1987ஆம் ஆண்டுச் சட்டம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விற்கும் உழவர் கமிஷன் தர வேண்டியதில்லை. எடை மின்தராசில், ஏலம் எல்லார் முன்னிலையிலும். மதுரை–ராமேசுவரம் சாலையில் எட்டிவயலில் மிளகாய்க்கென்றே வணிக வளாகமும் குளிர்பதனக் கிடங்கும் அமைந்திருக்கின்றன. 2016இல் தொடங்கிய மின்னணு தேசிய வேளாண் சந்தை வழியாக வெளியூர் வியாபாரிகளும் விலை கேட்க முடியும். மரிச்சுக்கட்டியின் இரவு ஏலத்தில் இருந்த வெளிச்சம் முகவையின் வத்தலுக்கு இப்போதுதான் வருகிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானதாக நான் கருதுவது பொருளீட்டுக் கடன். விற்பனைக்கூடக் கிடங்கில் விளைபொருளை வைத்து, அதன் மதிப்பில் 75 விழுக்காடு வரை கடன் பெற்று, 180 நாட்கள் வரை காத்திருந்து விற்கலாம். அறுவடை நேரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் விற்பதால் விலை சரிகிறது. சில மாதம் தள்ளி விற்க முடிந்தவருக்கே அந்தச் சரிவிலிருந்து தப்பிக்க வழி. கீதாரிக்கு ஆடு இயல்பாகவே கொடுத்த அவகாசத்தை, வத்தல் போட்டவருக்குக் கிடங்கு கொடுக்கிறது.

ஆயினும் இந்த ஏற்பாடு அறுவடைக்குப் பின்னால் உள்ள அவசரத்தை மட்டுமே தணிக்கும். கயிறு விழுவது விதைப்பு மாதத்தில். ஆவணி, புரட்டாசியில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பயிர்க்கடன் தாமதமானால், உழவர் மண்டிப் படியேறுவதைத் தவிர வேறு வழியில்லை. மண்டியில் கடன்பட்ட வத்தல் கிடங்குக்கு வராது. குத்தகைக்கு நிலம் எடுத்தவருக்கும், பட்டா கணவர் பெயரில் இருக்கப் பாடுபடும் பெண்ணுக்கும் அந்தக் கடன் எட்டுவது இன்னும் கடினம். ஆகவே விதைப்புக் கடனும் கிடங்குக் கடனும் ஒரே கணக்கில் இணைய வேண்டும். புரட்டாசியில் சங்கம் கொடுத்ததை மாசியில் கிடங்கில் வைத்த வத்தலே ஈடாக நின்று தாங்க வேண்டும். குளிர்பதனக் கிடங்கு எட்டிவயலில் இருந்தால் போதாது. நாலு சாக்கு வத்தல் வைத்திருக்கும் கடலாடிக் குடும்பம் வண்டிக்கூலி கொடுத்து அவ்வளவு தூரம் வராது. வட்டத்துக்கொரு சிறு கிடங்கும், மூடிய உலர்களங்களும், ஒவ்வொரு வாரச்சந்தையிலும் முத்திரையிட்ட தராசும், அன்றைய ஏல விலையைப் பெரிய எழுத்தில் காட்டும் பலகையும் வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதல்ல. ஒவ்வோர் ஆண்டும் சந்தையைக் குத்தகைக்கு விட்டு வருமானம் பார்க்கும் உள்ளாட்சிகள் அதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினாலே தொடங்கிவிடலாம்.

புவிசார் குறியீடு முண்டு வத்தலின் பெயரைக் காத்திருக்கிறது. அதை விளைவித்தவரின் கையைக் காப்பது சந்தையின் வேலை. விலை கேட்டு, கட்டுப்படியாகாது என்று தோன்றினால் சாக்கின் வாயை மறுபடி கட்டி எடுத்துச் செல்ல ஓர் உழவரால் முடிய வேண்டும். அப்படித் திரும்புகிறவர்கள் மிகுந்த நாளில், அரை நிமிடத்தில் விலை சொல்லும் வியாபாரியும் இன்னொரு முறை கணக்குப் போட்டுப் பார்ப்பார்.